அரங்கமும் ஆசிரியரும்

வித்தை ஒன்று தான் பிறந்த மண்ணை விட்டுப் பிற நாட்டார் முன்னிலையில் அரங்கேறுங்கால், அதற்கு வரும் புகழைப் பேசுவார் பலர். அதற்கு நேரும் மாற்றத்தை எண்ணுவார் சிலரே. எம் பாடசாலையில் மாலைப்பொழுதிற் சிலம்பம் பயிலும் பிள்ளைகளுள் ஒருவன் சென்ற திங்களில் எம்மை அணுகி, “ஐயா, ஜப்பானியர் வித்தையும் கொரியர் வித்தையும் ஒலிம்பிக் பந்தயத்தில் இருக்கின்றனவே, நம் சிலம்பம் அங்கே எப்போது போகும்?” என வினவினான். உடனே விடை கூற எமக்கு இயலவில்லை. இவ்வினா நம் சங்கத்துக் கூட்டங்களிலும் பன்முறை எழுந்ததுண்டு; எழும்போதெல்லாம் கைதட்டலோடு முடிந்ததுமுண்டு. எப்போது போகும் என்பதற்கு முன், போன வித்தைகளுக்கு யாது நேர்ந்தது என்பதை அறிதல் நலம் எனக் கருதி, அவற்றுள் முதலாவதாகிய ஜூடோவின் வரலாற்றை அன்பர்கள்முன் வைக்கத் துணிந்தோம்.

ஒலிம்பிக் பந்தயத்திற்குப் போர்வித்தை புதியதன்று. 1896-ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரில் நடந்த முதற் பந்தயத்திலேயே மற்போரும் வாட்போரும் இடம்பெற்றன; 1904-இல் குத்துச்சண்டை சேர்ந்தது. ஆயின் இவை யாவும் மேனாட்டு மரபில் விதியமைந்தவை. கீழ்த்திசையிற் பிறந்த போர்வித்தைகளுள் முதன்முதல் அவ்வரங்கு புகுந்தது ஜூடோவே. அது புகுந்த ஆண்டு 1964. இடம், ஜப்பானின் தலைநகராகிய டோக்கியோ.

அவ்வித்தையை வகுத்தவர் ஜிகோரோ கானோ என்பார். இவர் 1860-ஆம் ஆண்டு, இன்று கோபே நகரத்துள் அடங்கிய மிகாகே என்னும் ஊரில், அரிசி மது வடிக்கும் குடியிற் பிறந்தார். உடலாற் சிறியர், கல்வியாற் பெரியர். பள்ளியில் வலிய பிள்ளைகள் தம்மை வருத்தியமையால், வலியாரை மெலியார் வெல்லுதற்கு வழியுண்டோ எனத் தேடலாயினார். ஜுஜுத்ஸு என்னும் பழைய கைப்போர் முறை அதற்குரியது எனக் கேள்வியுற்றார். ஆயின் 1868-ஆம் ஆண்டின் அரசியல் மாற்றத்திற்குப் பின் மேனாட்டு நாகரிகத்தின்மேல் வேட்கை மிகுந்த காலம் அது. பழைய ஆசான்மார் மாணாக்கரின்றி, எலும்பு முறிவுக்குக் கட்டுக்கட்டும் தொழிலால் வயிறு வளர்த்துவந்தனர். நம் நாட்டில் அடிமுறை ஆசான்மார் வர்ம வைத்தியத்தாற் பிழைத்தமையை அறிந்தார்க்கு இது வியப்பன்று. அத்தகைய வைத்தியர்வழித் தேடியே கானோ தம் முதல் ஆசானாகிய ஹச்சினோசுக்கே ஃபுக்குடாவை 1877-இல் அடைந்தார். பின்னர் வேறொரு மரபினரான சுனேதோஷி இக்குபோவிடமும் பயின்றார்.

1882-ஆம் ஆண்டு, டோக்கியோவில் எய்ஷோஜி என்னும் பௌத்த ஆலயத்துள், 12 பாய்கள் விரித்த சிற்றறையொன்றிற் கானோ தம் பள்ளியைத் தொடங்கினார். கோடோகன் என்பது அதன் பெயர். நெறியைக் கற்கும் இல்லம் என்பது அதன் பொருள். அப்போது அவர்க்கு வயது 21. வித்தைக்கு ஜூடோ எனப் பெயரிட்டார். ‘ஜூ’ என்பது மென்மை. ‘டோ’ என்பது நெறி. போர்த்தொழில் என்னும் பொருள்பட நின்ற பழம்பெயரை விடுத்து, நெறி என்னும் சொல்லை அவர் தேர்ந்தமை கருதத்தக்கது.

ஈண்டு அன்பர்கள் ஒன்றனை ஊன்றி நோக்கல் வேண்டும். கானோ தாம் கற்ற வித்தையை உள்ளவாறே கற்பித்தாரல்லர். மாணாக்கர் இருவர் தம் முழு வலிமையையும் காட்டிப் பொருதற்கு ஏற்ற பயிற்சியொன்றை வகுத்து, அதினின்று உயிர்க்கும் உறுப்புக்கும் கேடு விளைக்கும் அடிகளை நீக்கினார். நீக்கியவற்றை எறிந்துவிடவுமில்லை, இருவர் முன்னரே வரையறுத்த முறைப்படி மெல்லச் செய்துகாட்டும் கோவைகளுள் அவற்றை அடைத்துக் காத்தார். ஆகவே ஜூடோ பிறக்கும்போதே விதியோடு பிறந்தது. விதி என்பது வித்தைக்குப் பகையன்று. அவ்விதியை வகுத்தவர் யாவர், எவரை நோக்கி வகுத்தனர் என்பதே கேள்வி.

கானோ தொழிலால் ஆசிரியர். டோக்கியோ உயர்தர ஆசிரியர் கலாசாலைக்கு இடையிட்டு 20 ஆண்டுகளுக்கு மேல் தலைமை பூண்டவர். ஆற்றலை நன்முறையிற் பயன்கொள்ளலும், தானும் பிறனும் ஒருங்கே வாழ்தலும் ஜூடோவின் இரு கண்கள் என்பது அவர் கொள்கை. 1909-இல் அனைத்துலக ஒலிம்பிக் சபையில் ஆசியாவின் முதல் உறுப்பினராயினார். 1912-இல் ஸ்டாக்ஹோம் நகரப் பந்தயத்திற்கு ஓட்டக்காரர் இருவரை அழைத்துச் சென்றார்; ஜப்பான் ஒலிம்பிக்கிற் கால் வைத்தது அன்றே. 1936-இல் பெர்லினில் கூடிய சபை, 1940-ஆம் ஆண்டுப் பந்தயத்தை டோக்கியோவுக்கு அளித்தது. அதற்கு உழைத்தவருள் இவர் தலையாயவர்.

இத்துணைச் செல்வாக்குடையவர் தம் வித்தையை அவ்வரங்கில் ஏற்ற முனைந்திருப்பார் என்றே எவரும் கருதுவர். அவரோ முனையவில்லை. பிற நாட்டார் விரும்பின் தாம் தடுப்பதற்கில்லை என்றும், தாமாக அதற்கு முயல்வதற்கில்லை என்றும் நண்பர்க்கு எழுதினார். ஜூடோ வெறும் விளையாட்டன்று, ஒழுக்கநெறி என்பது அவர் எண்ணம். வெற்றி ஒன்றே குறியாகிய இடத்தில் நெறி நிலைக்குமோ என்பது அவர் ஐயம். 1938-ஆம் ஆண்டு கெய்ரோ நகரிற் சபைக் கூட்டம் முடித்து மீளுங்கால், மே மாதம் 4-ஆம் நாள், கப்பலிலேயே உயிர் நீத்தார். சீனத்தோடு தொடுத்த போர் காரணமாக அவ்வாண்டு ஜூலையிலேயே ஜப்பான் பந்தயம் நடத்தும் உரிமையைத் துறந்தது. ஆசிரியரின் ஐயம் விடை காணாமலே நின்றது.

விடை கண்டது 1964-இல். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் தோற்றபின், ஆங்கு ஆட்சி செலுத்திய நேச நாட்டுப் படையினர் பள்ளிகளிற் போர்வித்தை பயிற்றுதலை விலக்கினர். அவ்விலக்கு நீங்கி, 1951-இல் அனைத்துலக ஜூடோ சம்மேளனம் தோன்றி, 1956-இல் டோக்கியோவில் முதல் உலகப் போட்டியும் நடந்தது. அதில் எடைப்பிரிவு இல்லை. சிறியவன் பெரியவனை வெல்லுதற்கன்றோ இவ்வித்தை? பின்னர் எடை பார்ப்பதெவன் என்பது ஜப்பானியர் வாதம். ஆயின் 1961-இல் பாரிஸ் நகரிற் கூடிய உலகப் போட்டியில் ஹாலந்து நாட்டு ஆண்டன் கேசிங்க் ஜப்பானியரை வென்று பட்டம் கொண்டார். ஒலிம்பிக்கில் 68 கிலோ வரை, 80 கிலோ வரை, அதற்கு மேல் என எடைப்பிரிவு மூன்றும், எடை நோக்காப் பொதுப்பிரிவு ஒன்றும் ஆக நான்கு வகுக்கப்பட்டன. முதல் மூன்றிலும் ஜப்பானியரே பொற்பதக்கம் பெற்றனர்.

எஞ்சியது பொதுப்பிரிவு. ஜூடோவின் உள்ளுறைப் பொருள் விளங்கவேண்டிய இடம் அதுவே என்று ஜப்பானியர் கருதினர். 1964 அக்டோபர் 23-ஆம் நாள், இப்போட்டிக்கென எழுப்பிய புடோக்கன் மண்டபத்தில், அக்கியோ காமினாகா என்பாரும் கேசிங்கும் எதிர்நின்றனர். கேசிங்க் ஏறக்குறைய 2 மீட்டர் உயரத்தர். 9 நிமிடங்கள் கடந்தபின் காமினாகா பாயில் வீழ்ந்தார். கேசிங்க் அவர் மார்பின்மீது குறுக்கே கிடந்து இறுகப் பிணித்தார். விதிப்படி 30 விநாடி அப்பிடி நின்றது. தம் நாட்டு வித்தை தம் நாட்டிலேயே அயலவர் கைப்பட்டதைக் கண்டு மண்டபம் அடங்கியது.

அந்நிலையில் நிகழ்ந்த செயலொன்று பதக்கத்தினும் பெரிது. ஹாலந்து நாட்டு அன்பர் சிலர் மகிழ்ச்சி மீதூரப் பாயை நோக்கி ஓடிவந்தனர். இன்னும் எழுந்து நில்லாத கேசிங்க் கையை உயர்த்தி அவர்களைத் தடுத்தார். காலணியோடு பாயில் ஏறலாகாது. தோற்றவர் எழுமுன் வென்றவர் கூத்தாடலாகாது. பின்னர் இருவரும் முறைப்படி வணங்கி நீங்கினர். கேசிங்க் இதனை எங்குக் கற்றார்? ஐரோப்பாவிற்கு வந்து கற்பித்த ஹக்கு மிச்சிகாமி என்னும் ஜப்பானிய ஆசானிடத்தும், ஜப்பான் சென்று தாம் பயின்ற கூடங்களிலும் கற்றார். பதக்கம் நாடு மாறியது, நெறி மாறவில்லை. அன்று கானோ உயிரோடிருப்பின் வருந்தியிரார், உவந்திருப்பார் என்பது எம் துணிபு.

அரங்கம் அளித்த நலங்கள் பல. அவற்றை மறைத்தல் நடுவுநிலையாகாது. அவற்றுள் தலையாயது பெண்டிர்க்குக் கிடைத்த இடம். கானோ 1893 முதலே பெண்களுக்குக் கற்பித்தார். 1926-இற் கோடோகனில் அவர்க்கெனத் தனிப்பிரிவும் அமைத்தார். ஆயினும் போட்டி அவர்க்கு விலக்காகவே இருந்தது. 1959-இல் அமெரிக்க மங்கை ரஸ்டி கனோக்கோகி தலைமயிரைக் குறைத்து ஆடவர் போட்டியிற் புகுந்து வென்றார். பெண் என அறிந்ததும் பதக்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். அவர் சோர்ந்திலர். 1980-இல் நியூயார்க் நகரில் முதல் மகளிர் உலகப் போட்டியைத் தாமே முன்னின்று நடத்தினார். 1988-இற் சியோலில் மகளிர் ஜூடோ காட்சியாக நிகழ்ந்தது. 1992-இற் பார்சலோனாவில் முழுத் தகுதியும் பெற்றது. பள்ளி மூடிவைத்த கதவை அரங்கம் திறந்தது.

சிறிய நாடுகளுக்கும் அரங்கம் முகவரி தந்தது. கொசோவோ என்னும் நாடு 2016-இல் ரியோ நகரில் முதன்முதல் ஒலிம்பிக்கிற் கலந்தது. ஆங்கு மைலிண்டா கெல்மெண்டி என்னும் பெண் 52 கிலோப் பிரிவிற் பொற்பதக்கம் வென்றாள். அந்நாடு பெற்ற முதற் பதக்கம் அது. அடுத்த பந்தயத்தில் இன்னும் இரு பெண்கள் பொன் வென்றனர், அவையும் ஜூடோவிலேயே. இவர்களைப் பயிற்றிய டிரிட்டோன் குக்கா, யூகோஸ்லாவியா சிதைந்த காலத்து நிகழ்ச்சிகளால் 1992-இல் தாம் ஒலிம்பிக் செல்லும் வாய்ப்பை இழந்தவர். தமக்குத் திறவாத அரங்கிற்குத் தம் ஊராகிய பேயாவில் இருந்துகொண்டே மாணவிகளை அனுப்பினார். பதக்கப் பட்டியலில் ஆசான் பெயர் இராது. அவ்வரலாற்றின் வேரோ அவரே.

இனி இழப்பைக் கூறுவோம். இலக்கியம் முன்னது, இலக்கணம் பின்னது என்பது யாம் மாணாக்கர்க்கு நாள்தோறும் உரைக்கும் பாடம். விளையாட்டரங்கிலோ இலக்கணம் முன்னே சென்று இலக்கியத்தை ஆக்குகின்றது. எதற்குப் புள்ளி உண்டோ அதனையே பயில்வர். எதற்கு இல்லையோ அது கைவிடப்படும். எது குற்றமோ அது மறக்கப்படும்.

ஒரு சான்று காட்டுவோம். தோட்சக்கரம் என நாம் மொழிபெயர்க்கத்தக்க எறிமுறையொன்று ஜூடோவில் உண்டு. எதிரியின் தொடையைக் கையாற் பற்றித் தோள்மேல் ஏற்றிச் சுழற்றி எறிவது அது. கானோ தம் இளமையிற் பருத்த தோழன் ஒருவனை வெல்லும் வழி தேடிக் கண்ட முறை அது என்பர். 15 எறிமுறைகளைக் கொண்டு அவர் வகுத்த கோவையில் அதுவும் ஒன்று. 2010-ஆம் ஆண்டு முதற் சம்மேளனம் காலைக் கையாற் பற்றும் முறைகளைப் படிப்படியாக விலக்கி, 2013-இல் அறவே தடுத்தது. வீரர்கள் குனிந்து நின்று காலையே குறிவைத்தலால் ஜூடோ மற்போர்போலத் தோன்றுகின்றது, நிமிர்ந்து நின்று எறியும் அழகு குன்றுகின்றது என்பன அவர் கூறிய காரணங்கள். காரணம் பொய்யன்று, ஆட்டம் நிமிர்ந்ததும் உண்மையே. ஆயினும் விளைவு யாது? வித்தையை வகுத்த ஆசிரியர் தம் கோவையில் வைத்த வடிவிலேயே அவ்வெறிமுறையை இன்று ஒருவன் அரங்கிற் செய்வானாயின் அது குற்றம்!

கானோவும் சிலவற்றை நீக்கினார். சம்மேளனமும் சிலவற்றை நீக்கியது. இரண்டிற்கும் வேற்றுமை யாது? கானோ நீக்கியது கற்பவன் ஊனமுறாமைப் பொருட்டு. நீக்கியதையும் கோவையிற் காத்தார். சம்மேளனம் நீக்கியது பெரும்பாலும் காண்பவனுக்கு ஆட்டம் விளங்கி இனித்தற்பொருட்டு. நீக்கியதைக் காத்தல் அதன் கடனன்று. பள்ளியின் விதி மாணாக்கனை நோக்கும். அரங்கின் விதி பார்வையாளனை நோக்கும். இரண்டும் வேண்டியனவே, ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

ஏனைய வித்தைகளும் இதனையே காட்டுகின்றன. கொரிய வித்தையாகிய டேக்வாண்டோ 1988-இற் சியோலிற் காட்சியாக நிகழ்ந்து, 2000-இற் சிட்னியில் பதக்கப் போட்டியாயிற்று. 2008-இற் பெய்ஜிங்கில் நடுவர் தீர்ப்புகளைப் பற்றிப் பூசல் எழவே, 2012-இல் லண்டனில் மார்புக் கவசத்துள் மின்கருவி பொருத்தி, உதை பட்டதைக் கருவியே அறிவிக்கச் செய்தனர். பூசல் குறைந்தது. ஆயின் வீரர்கள் முன்காலைத் தூக்கியபடியே நின்று கருவியைத் தீண்ட முயலும் புதிய ஆட்டமொன்று பிறந்தது. பின்னர்ச் சுழன்று உதைப்பார்க்குப் புள்ளியைக் கூட்டி அதனைத் திருத்தவேண்டியதாயிற்று.

கராத்தேயின் கதை இன்னும் வியப்புடையது. 2020-ஆம் ஆண்டுப் பந்தயம் பெருந்தொற்றால் ஒத்திவைக்கப்பட்டு 2021-இல் டோக்கியோவில் நடந்தபோது, கராத்தே முதன்முதல் அதில் இடம்பெற்றது. ஆடவர் பெரும் எடைப்பிரிவின் இறுதியில் சவூதி அரேபியரான தாரெக் ஹமெதி 4-க்கு 1 எனப் புள்ளியில் முந்திநின்று, எதிரியாகிய ஈரானியர் சஜாத் கஞ்ஜாதேயின் கழுத்தில் உதைத்தார். அவர் நினைவிழந்து வீழ்ந்தார். அடக்கமின்றி உதைத்தமை குற்றமென நடுவர் தீர்த்தனர். நினைவிழந்து கிடந்தவரே பொற்பதக்கத்திற்கு உரியராயினார். விதி அருளுடையது, யாம் அதனைப் பழிக்கவில்லை. ஆயின் அரங்கின் வெற்றி வேறு, போரின் வெற்றி வேறு என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ? 2024-இற் பாரிஸ் பந்தயத்திற் கராத்தேக்கு இடம் கிடைக்கவில்லை. அதனால் ஒக்கினாவாத் தீவிற் கராத்தேக் கூடங்கள் பூட்டப்படவில்லை. அரங்கால் வாழாத வித்தை அரங்கு நீங்கியதனால் அழிவதுமில்லை.

ஜூடோவும் அவ்வாறே. பாரிஸ் நகரில் ஆடவரும் மகளிரும் கூடிய அணிப்போட்டியின் இறுதியில் ஜப்பானும் பிரான்சும் 3-க்கு 3 எனச் சமமாயின. குலுக்கலிற் பெரும் எடைப்பிரிவே வர, பிரான்சின் டெடி ரினேர் வென்று தம் நாட்டிற்குப் பொன் சேர்த்தார். 2021-இற் புடோக்கன் மண்டபத்திலேயே பிரான்ஸ் ஜப்பானை அப்போட்டியில் வென்றிருந்தது. இவ்விரு தோல்வியாலும் கோடோகன் சிறுமையுறவில்லை. தோட்சக்கரமுடைய அக்கோவை ஆங்கு இன்றும் பயிற்றப்படுகின்றது. அரங்கம் விலக்கியதைப் பள்ளி காத்துவருகின்றது. கானோவின் ஐயத்திற்கு வரலாறு தரும் விடை இதுவே: அரங்கு நெறியைக் கெடுப்பதுமில்லை, காப்பதுமில்லை, நெறியைக் காப்பது பள்ளி.

இனி எம் மாணாக்கன் வினாவுக்கு வருவோம். 2022-இல் ஹரியானாவில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டியில் களரிப்பயிற்று முதலிய நாட்டு வித்தைகள் இடம்பெற்றன. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் அப்போட்டி நடந்தபோது சிலம்பமும் காட்சி விளையாட்டாக அமைந்தது. மகிழத்தக்க செய்தி. ஆயின் போட்டி வளருந்தோறும் கம்பு உடலைத் தொட்டால் இத்துணைப் புள்ளி என்னும் கணக்கே ஆட்சி செய்யும். காலடி வரிசைகளும், வீடுகட்டும் முறைகளும், ஊருக்கு ஊர் வேறுபடும் வீச்சுகளும், அடிபட்டவனுக்கு ஆசான் செய்யும் வைத்தியமும் அக்கணக்கில் வாரா. வாராதனவற்றைக் காத்தல் பந்தயம் நடத்துவோர் கடனன்று, நம் கடன். கானோ தம் வித்தையை அரங்கேற்ற விரையாது, அரை நூற்றாண்டுக்கு மேல் பள்ளியை வளர்த்தார். கோவைகளை வகுத்தார், ஆசான்மாரை ஆக்கினார், அவர்களைக் கடல் கடந்தும் அனுப்பினார். அவ்வாசான்மாருள் ஒருவராகிய ஷின்சோ தகாகாக்கி, 1929-இல் தாகூரின் அழைப்பை ஏற்றுச் சாந்திநிகேதனத்தில் நம் நாட்டுப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார் என்பதும் ஈண்டு நினையத்தக்கது.

இவற்றையெல்லாம் எளிமையாக அச்சிறுவனுக்கு உரைத்தோம். முழுதும் கேட்டவன் சற்று நேரம் கம்பைத் தரையில் ஊன்றி நின்று, “அப்படியானால் ஆசான் சொல்லித் தந்ததையெல்லாம் முதலில் எழுதி வைக்கவேண்டுமா, ஐயா?” என்றான். “எழுதுக, எழுதியதோடு நில்லாதே. உனக்கு இளையவன் ஒருவனுக்கு அவ்வளவையும் கற்பி. அதன்பின் அரங்கு அழைத்தாலும் போகலாம், அழையாவிடினும் குறைவில்லை” என்றோம். மறுநாள் மாலை தன் தம்பியையும் உடன் அழைத்து வந்தான்.

நம் சங்கத்தாரும் அடுத்த கூட்டத்திற் கைதட்டுமுன், தத்தம் ஊரில் வயது முதிர்ந்த ஆசான் எவர் உளர், அவர்பாற் பயில்வார் எத்துணையர் எனக் கேட்டறிந்து வருவாராக.